டூவூம்பா: 'வேண்டாம்'னு சொன்னாலும் பில் வரும்



சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும். பேசப்போவது கக்கூஸ் தண்ணீரைப் பற்றி. :-)

பிரிஸ்பேனில் நம்மாட்கள் நாலு பேர் கூடிய இடத்தில் தண்ணீர்ப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருத்தர் தவறாமல் டூவூம்பாவை இழுப்பார். "சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ணித் தர்றோம்னு சொன்னப்போ வேண்டாம்னு ஓட்டுப் போட்ட ஊருய்யா அது. பட்டிக்காட்டானுங்க! இதையெல்லாம் ஜனங்ககிட்ட கேக்கலாமா? படிச்சவன் முடிவு பண்ண வேண்டிய விஷயம்." உடனே சுற்றி இருக்கிற பத்துத் தலையும் ஆடும். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் ஜனங்களிடம் கேட்டது தப்பே இல்லை. கேட்ட விதம்தான் தப்பு. 'வேண்டும்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் விலைச்சீட்டு தொங்கியது. 'வேண்டாம்' என்ற கட்டம் என்னவோ இலவசம் மாதிரி இருந்தது. இலவசம்னு நினைச்சு எடுத்த பொருளுக்கு அப்புறமா பில் வந்தது. அந்தக் கதை இங்கே நிறைய பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள்.

முதலில் ஊரைப் பற்றி

டூவூம்பா, பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஒண்ணே கால் மணி, ஒன்றரை மணி நேரப் பயணம். மலைமேல் ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், கிரேட் டிவைடிங் மலைத்தொடரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பூந்தோட்ட நகரம் என்று பெயர். வருஷா வருஷம் செப்டம்பரில் மலர்த் திருவிழா. நம்மூர் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போகிற மாதிரி பஸ் பிடித்துப் போவார்கள்.

ஆனால் மலைமுதுகில் ஊர் கட்டினால் ஒரு சிக்கல். பெய்கிற மழை ரெண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும். ஊருக்கு நடுவே பெரிய ஆறு கிடையாது. கூபி, பெர்செவரன்ஸ், கிரெஸ்புரூக் என்று மூன்று அணைகள். மூன்றும் ஊரைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கின்றன. அதனால் குடிக்கிற ஒவ்வொரு சொட்டையும் மேலே பம்ப் அடித்து ஏற்ற வேண்டும். 2000-களின் பெரும் வறட்சியில் இந்த மூன்று அணைகளும் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போயின.

சரி, ஊரில் பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகிறது? வெட்டாலா என்ற இடத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து கவ்ரி ஓடை (ஆமா, நம்ம கௌரி மாதிரியேதான் காதில் விழும்). கவ்ரி ஓடையிலிருந்து கண்டமைன் ஆறு. கண்டமைன் போய்ச் சேர்வது முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில். அதாவது, மேலே இருக்கிற ஊர் குளித்து முடித்து அனுப்புவதைத்தான் கீழே இருக்கிற ஊர் ஆற்று நீர் என்று எடுக்கிறது. இது டூவூம்பாவுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. ஆற்றோரம் இருக்கிற உலகத்து ஊர் அத்தனைக்கும் இதே கதைதான். நதிமூலம் பார்க்கக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

திட்டம் என்ன?

2005-ல் நகரசபை ஒரு திட்டம் போட்டது. அப்போதைய மேயர் டை தோர்லி. வெட்டாலாவில் ஏற்கெனவே சுத்திகரித்த நீரை ஓடையில் விடாமல் இன்னும் சுத்தம் செய்வது. முதலில் நுண்சவ்வு வடிகட்டி. அடுத்து ஆர்.ஓ., அதாவது எதிர் சவ்வூடு பரவல். அதற்கும் மேலே புற ஊதாக்கதிர், ஆக்சிஜனேற்றம். இத்தனையும் தாண்டி வருகிற நீரைக் கூபி அணையில் விட்டு, மழைநீரோடு கலந்து, பிறகு வழக்கமான குடிநீர் நிலையத்தில் மறுபடியும் சுத்திகரித்துக் குழாயில் விடுவது. ஊரின் மொத்தத் தண்ணீரில் அதிகபட்சம் கால் பங்கு இப்படி வரும். செலவு சுமார் 6.8 கோடி டாலர்.

இது யாரோ கனவு கண்டு சொன்ன வித்தை இல்லை. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் சேர்க்கிறது. சிங்கப்பூர் 2002 தேசிய தினக் கொண்டாட்டத்தில் நியூவாட்டர் பாட்டிலை மக்கள் கையில் கொடுத்தது. மறு வருஷத்திலிருந்து அதில் சிறு பங்கை நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. இதைப் படிக்கிற சிங்கப்பூர்ப் பதிவர்கள் எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க, எழுதற மொக்கைக்கும் ஒரு குறைச்சலும் இல்லை. :-)

2006 மார்ச்சில் மத்திய அரசு ஒரு நிபந்தனை போட்டது. அப்போது பிரதமருக்குக் கீழே தண்ணீர் விவகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மால்கம் டர்ன்புல் (பிற்பாடு பிரதமரானாரே, அவரேதான்). மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால் முதலில் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஜெயித்து வாருங்கள் என்றார்கள். நாள் குறித்தாகிவிட்டது: 2006 ஜூலை 29. நாலே மாசம்.

சாக்கடை நீரைக் குடிப்பதை எதிர்க்கும் குடிமக்கள் என்றே பெயர் வைத்துக்கொண்டு ஒரு குழு கிளம்பியது. முன்னாள் மேயரும், நில வியாபாரத்தில் பெரும் பணக்காரருமான கிளைவ் பெர்க்ஹோஃபரும் எதிர்ப்பக்கம் நின்றார். ஹார்மோன் கலந்திருக்கும், மருந்து கலந்திருக்கும், வீட்டு விலை விழுந்துவிடும், உணவுக் கம்பெனிகள் ஓடிவிடும், ஊரையே 'பூவூம்பா' என்று கேலி செய்வார்கள் என்று பிரசாரம் நடந்தது. (ஆங்கிலத்தில் 'பூ' என்றால் குழந்தைகள் மலத்துக்குச் சொல்கிற வார்த்தை. பூந்தோட்ட நகரத்துக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது, ஆனால் அது வேறு பூ.)

முடிவு? ஏறத்தாழ 62 சதவீதம் பேர் 'வேண்டாம்'. திட்டத்துக்கு மங்களம் பாடியாச்சு.

அருவருப்பு முட்டாள்தனமா?

இங்கேதான் நம்மாட்கள் "பாத்தியா, பட்டிக்காட்டானுங்க" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் இருங்க சார்.

தண்ணீர் டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கப்பட்டவர்கள் நாம். எச்சில் கையால் கரண்டியைத் தொட்டால் வீட்டில் ரணகளம் நடக்கும். நமக்கு இன்னொருத்தன் அருவருப்பைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? கழிவைக் கண்டால் விலகுவது மனுஷனைக் காலராவிலிருந்து காப்பாற்றிய குணம். அதை மதிக்கணும். மதித்துவிட்டு, "ஐயா, பயப்படாதீங்க, வந்து பாருங்க, தொட்டுப் பாருங்க, இந்த இடத்துல கிருமி நிக்கும், இந்த இடத்துல மருந்து நிக்கும்"னு பொறுமையாக் காட்டணும். நாலு மாசத்தில் ஆகிற வேலையா அது?

மேற்குக் கடற்கரையில் பெர்த் நகரம் என்ன செய்தது பாருங்கள். சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடியில் செலுத்தி, பிறகு எடுத்துக் குடிக்கிற திட்டம். முதலில் 2010-லிருந்து 2012 வரை சோதனை நிலையம் நடத்தினார்கள். பொதுமக்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய நிலையம். 2017-ல் ஓட ஆரம்பித்தது. அங்கே ஊர் இரண்டாகப் பிளக்கவில்லை. அதே நாடு, அதே மனுஷங்க, அதே மூக்கு. வித்தியாசம் அவகாசத்தில் இருக்கிறது.

குற்றவாளிக் கூண்டில் மூணு பேர்

ஒண்ணு, மத்திய அரசு. ஜனநாயகம் என்ற பெயரில் பொறுப்பைத் தட்டிக் கழித்தது. வாக்கெடுப்பு நல்லதுதான் ஐயா. ஆனால் ஒரே ஒரு சின்ன நகரத்தின் ஒரே ஒரு திட்டத்துக்கு மட்டும், பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "ஜெயிச்சா தர்றேன்" என்பது வாக்கெடுப்பா பந்தயமா? ஜெயித்தால் நாங்களும்தான் காரணம், தோற்றால் ஊர்க்காரன் தலையெழுத்து.

ரெண்டு, நகரசபை. திட்டம் நல்ல திட்டம். ஆனால் முடிவெடுத்துவிட்டுச் சொன்னார்கள். நாலு வழி இருக்கு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு செலவு, இவ்வளவு தண்ணீர், இவ்வளவு ஆபத்து, நீங்களே பாருங்கள் என்று வைத்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். ஒரே ஒரு வழியை வைத்து ஆமாவா இல்லையா என்று கேட்டால், எந்த ஊர்க்காரனுக்கும் முதலில் வருவது சந்தேகம்தான். "ஏன் இவ்வளவு அவசரப்படுறாங்க?" என்று ஒரு தடவை தோன்றிவிட்டால், அதற்கப்புறம் விஞ்ஞானியைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் எடுபடாது.

மூணு, 'வேண்டாம்' கோஷ்டி. இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. பயந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, பயத்தை விற்றவர்கள்மேல்தான். "அப்போ தண்ணிக்கு என்ன வழி?" என்று கேட்டால் நிலத்தடி நீர் இருக்கு, நிலக்கரிப் படுகையில் வாயு எடுக்கும்போது வெளியே வருகிற தண்ணீர் இருக்கு என்று கையை நீட்டினார்கள். நிலக்கரிப் படுகைத் தண்ணீர் உப்பும் வேறு கரைசல்களும் கலந்தது. அதைக் குடிக்கவும் ஆர்.ஓ. செய்துதான் ஆகணும்! அந்த ஆர்.ஓ. மேல் நம்பிக்கை இருக்கிறது, இந்த ஆர்.ஓ. மேல் இல்லையாம். என்ன உள்குத்தோ!

பில் வந்த கதை

ஓட்டு முடிந்தது. வறட்சி முடியவில்லை. தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் அடிக்கக் கூடாது என்கிற அளவுக்குக் கட்டுப்பாடு. பூந்தோட்ட நகரத்துக்கே இந்தக் கதி. அணைகள் ஒரு கட்டத்தில் பத்து சதவீதத்துக்கும் கீழே போயின.

கடைசியில் என்ன செய்தார்கள்? பிரிஸ்பேனுக்குத் தண்ணீர் தருகிற விவன்ஹோ அணையிலிருந்து கிரெஸ்புரூக் அணைக்கு 38 கிலோமீட்டர் குழாய். 2010-ல் முடிந்தது. செலவு சுமார் 18.7 கோடி டாலர். ரெண்டு திட்டமும் ஒரே மாதிரி இல்லை, வருஷமும் அளவும் வேறு, அதனால் ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் 6.8 எங்கே, 18.7 எங்கே? மேலே பம்ப் அடிக்கிற கரண்ட் செலவு தனி. அந்தக் கரண்டும் குயின்ஸ்லாந்தில் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வந்தது.

இதற்கு யாராவது வாக்கெடுப்பு நடத்தினார்களா? மூச்!

கிளைமாக்ஸ் இனிமேதான். அதே காலத்தில் மாநில அரசு பிரிஸ்பேன் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? 250 கோடி டாலர் செலவில் மூன்று சுத்திகரிப்பு நிலையம், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய். நோக்கங்களில் ஒன்று, சுத்திகரித்த கழிவுநீரை விவன்ஹோ அணையில் விடுவது! தென்கிழக்கு குயின்ஸ்லாந்து மக்களிடம் 2007 மார்ச்சில் இதற்கு ஓட்டெடுப்பு நடத்துவதாகத்தான் இருந்தது. ஜனவரியிலேயே பிரீமியர் பீட்டர் பீட்டி அதை ரத்து செய்தார். வேறு வழியே இல்லை, எதற்கு ஓட்டு என்றார்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று டூவூம்பா ஓட்டுப் போட்டது. அப்புறம் ரெண்டரை மடங்குக்கு மேல் செலவழித்துக் குழாய் போட்டது, அதே மாதிரித் தண்ணீரைக் கலக்கத் திட்டமிட்டிருந்த அணைக்கு! 2008 இறுதியில் அடுத்த பிரீமியர் அன்னா பிளை, அணைகள் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் கலப்போம் என்று பின்வாங்கினார். 2011 வெள்ளம் வரும்வரை விவன்ஹோவில் அந்த நீர் ஒரு சொட்டும் கலக்கவில்லை. மின்நிலையங்களுக்குத்தான் போனது. 250 கோடி டாலர்!

வெட்டாலா நீர் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அதில் ஒரு பெரும் பங்கை ஆக்லாண்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் விற்று, குழாய் போட்டு அனுப்பினார்கள். சுரங்கம் நல்ல தண்ணீரை உறிஞ்சாமல் கழிவுநீரை வாங்குவது தனியாகப் பார்த்தால் நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஊர்த் தண்ணீர் நிலக்கரி கழுவப் போகிறது. ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் நிலக்கரி எரித்து மலை ஏறுகிறது.

"மழைதான் வந்துச்சே?"

வந்தது. 2011 ஜனவரி 10 அன்று வந்தது. டூவூம்பா நடுத்தெருவில் கார்கள் மிதந்து போயின. மலைக்குக் கீழே லாக்யர் பள்ளத்தாக்கில் கிரந்தம் என்ற ஊரையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. உயிர்கள் போயின. அணைகள் நிறைந்ததைக் காட்டி "பாத்தியா, மழை வந்துடுச்சு, திட்டமே தேவைப்படல" என்று பேசியவர்களும் உண்டு. பத்து வருஷம் காயவைத்து ஒரே நாளில் மூழ்கடிக்கிற மழையை நம்பி ஊர் நடத்துவது லாட்டரிச் சீட்டை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி குறிப்பது மாதிரி. 2020 தொடக்கத்தில், டூவூம்பாவுக்குத் தெற்கே ஸ்டான்தோர்ப் ஊரில் அணைத் தண்ணீர் தீர்ந்துபோய், லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. லாரித் தண்ணீர் என்றால் என்னவென்று சென்னைக்காரர்களுக்கு நான் விளக்கணுமா?

நமக்கு என்ன வந்தது?

வந்தது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே 2019-ல்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரிக்கிற நிலையங்கள் வந்தன. நாளுக்கு 4.5 கோடி லிட்டர் ஒவ்வொன்றும். அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நல்லது. ஆனால் அடுத்த கேள்வி எப்படியும் நம் வாசலுக்கு வரும்: ஏரியில் கலக்கலாமா, குடிக்கலாமா? அன்றைக்கு யாராவது ஒருத்தர் மைக் பிடித்து "சாக்கடையைக் குடிக்கச் சொல்றான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரிக்கு முன்னால் ஆயிரம் பக்க அறிக்கை நிற்காது. டூவூம்பா அதைத்தான் காட்டியது.

அதனால் "ஜனங்ககிட்ட கேக்கக் கூடாது" என்று சொல்லாதீர்கள் சாமிகளா. பீட்டி கேட்கவில்லையே, என்ன சாதித்தார்? 250 கோடி டாலரில் கட்டியதை அணையில் கலக்க அடுத்த பிரீமியருக்குத் தைரியம் வரவில்லை. கேட்காமல் கட்டினால் கட்டலாம், குடிக்கவைக்க முடியாது. குடிக்கப்போகிறவனிடம் கேட்டே ஆகணும்.

ஆனால் கேட்கும்போது நாலு விஷயம் வேணும். அவகாசம் வேணும், மாசக்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில். கண்ணால் பார்க்க ஒரு சோதனை நிலையம் வேணும். ஒரு வழிக்குப் பதில் நாலு வழி சீட்டில் இருக்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, 'வேண்டாம்' என்கிற கட்டத்துக்குப் பக்கத்திலும் விலை எழுதியிருக்கணும்: "இதை வேண்டாம் என்றால் அடுத்த வழி இது, அதற்கு இவ்வளவு டாலர், இவ்வளவு கரண்ட், இன்னொரு ஊரிலிருந்து இவ்வளவு தண்ணீர்." அதைப் படித்துவிட்டும் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளலாம். அது அவர்கள் ஊர், அவர்கள் டம்ளர்.

2006-ல் அந்தச் சீட்டை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டுவிட்டு, இத்தனை வருஷமாக அந்த ஊரை முட்டாள் ஊர் என்று சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த தடவை கூட்டத்தில் யாராவது டூவூம்பாவை இழுத்தால், தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் குழாய்க்கு யாருங்க ஓட்டுப் போட்டது?"

டிஸ்கி: நான் பொறியாளர் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை, தண்ணீர் வரி கட்டுகிற சாதாரண ஆசாமி. பின்னூட்டத்தில் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் "அப்ப நீ குடிப்பியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில்: குடிப்பேன். வேணும்னா அண்ணாந்து. :-)